நெட்டு ஏன் ஊருது? - ஒரு கம்பியின் கதை

முன்குறிப்பு: நான் படித்தது பி.காம். பிழைப்பது வங்கியில். கம்ப்யூட்டர் சாத்திரம் எனக்குப் பிழைப்பு இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. கரைகண்டவர்கள் குறை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பையன் ஆரம்பித்துவிட்டான். "அப்பா, நெட்டு ஊருது. இந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." தங்கமணியும் சமையலறையிலிருந்து ஒத்து ஊதினாள். "ஆமா, அதுக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு."

மாசாமாசம் 300 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டுகிறேன் (டாக்டர் படிப்பு இல்லை, வேகம்!). ஹாலில் ரவுட்டர். அங்கிருந்து பையன் அறைக் கம்ப்யூட்டருக்குச் சுவரோரமாக ஒயர். வைஃபை என்ற சால்ஜாப்புக்கே இடமில்லை. வேகத்தைச் சோதித்துப் பார்த்தேன். 94. மத்தியானம் பார்த்தேன். 94. ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்தேன். அப்பவும் 94. அதே வீட்டில் என் கைப்பேசி, ஒயரே இல்லாமல், 260 காட்டுகிறது.

வங்கியில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா, வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எவனோ 63ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்கக்கூடும். லெட்ஜர் முழுக்கப் புரட்டாதே, அந்த மாதிரி எண்களை மட்டும் தேடு. ஆடாமல் அசையாமல் நிற்கிற எண் எப்பவும் எதையோ சொல்ல வருகிறது. இந்த 94 என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ஏனென்றால் "நெட் ஸ்லோ" என்பது ஒரே வியாதி இல்லை. முப்பது வருஷமாக அடைப்பு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்து வைத்தியத்தை இன்னொரு காலத்து வியாதிக்குச் செய்து நான் பெரிதாக ஒன்றைத் தொலைத்தவன்.

முதலில் அடைப்பு எல்லா இடத்திலும் இருந்தது. 1986-ல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் தொடங்கியபோது, அது ஐஐடிகள், பெங்களூர் ஐஐஎஸ்சி மாதிரி இடங்களுக்கு மட்டும். சென்னை ஐஐடியும் அதில் உண்டு. நம்மைப் போன்ற பொதுஜனத்துக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, டயல் செய்து, அது கீச்கீச்சென்று கத்தி முடித்த பிறகு கிடைத்த வேகம் 9.6 கிலோபிட். எழுத்து மட்டும் தெரிகிற கணக்கு ஒரு விலை, படம் தெரிகிற கணக்கு அதைவிட பல மடங்கு விலை. அப்போது நான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துப் பையன். இதெல்லாம் நடந்ததே தெரியாது.

1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது சத்யம் இன்ஃபோவே. தாய்க் கம்பெனி ஹைதராபாத், பிள்ளை சென்னை. அடுத்த அக்டோபரிலேயே அது நியூயார்க்கில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிவிட்டது, இந்திய இணையக் கம்பெனிகளில் முதலாவதாக. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பி.காம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரை மணி யாஹூ முகப்புப் பக்கம் வருவதற்கே போய்விடும். மின்விசிறிக் காற்றில் திரை ஆடும், பக்கம் மட்டும் ஆடாது அசையாது. யாரும் குறை சொன்னதில்லை. இணையம் என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்போதைய ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு அனுப்புகிற மடல்கூட, இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால், அமெரிக்காவையோ சிங்கப்பூரையோ தொட்டுவிட்டுத் திரும்பி வருவது சகஜம். உள்ளூர்ப் போக்குவரத்தை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ள நிக்ஸி என்ற அமைப்பு வந்தது 2003-ல்தான். எங்க பாஷையில் சொன்னால், அதுவரை கிளியரிங் ஹவுஸே இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டில் எப்போதும் உயிரோடு இருக்கிற இணைப்பு என்பது நம்மில் பலருக்கு 2005-ல் வந்தது. 2004 அக்டோபரில் அரசாங்கம் அகலப்பட்டைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தயாநிதி மாறன் மந்திரியாக இருந்த நேரம். 256 கிலோபிட் இருந்தாலே அகலப்பட்டை என்று அதில் இலக்கணம் வகுத்தார்கள். 2005 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் காசு இல்லை என்ற திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்த தலைமுறை நம்முடையது. :-)

256 கிலோபிட் என்றதும் நான் 256 கிலோபைட் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவன். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 32 கேபி. இன்றைக்கும் "300 வாங்கினேன், 37 தான் வருது" என்று புலம்புகிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு வியாதியே இல்லை, வகுத்தல் மட்டும் பாக்கி.

இந்தச் சேவை ஓடியது புதுக் கம்பியில் இல்லை. தாத்தா காலத்து டெலிபோன் கம்பியில். இரண்டு செம்பு இழைகளை முறுக்கிவிட்டால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் உள்ளே வராது என்று 1881-லேயே காப்புரிமை வாங்கியவர் கிரகாம் பெல். அந்த முறுக்குக் கம்பியில் நம் பேச்சுக்குத் தேவை 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே காலியாகக் கிடந்தது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர் ஒரு யோசனை சொன்னார். மேலே இருக்கும் காலியிடத்தில் தகவலை அனுப்பலாம். ஆனால் இரண்டு திசையிலும் சம வேகம் வைத்தால் ஒரே கட்டில் போகும் கம்பிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். இறங்குவழியை அகலமாகவும் ஏறுவழியைக் குறுகலாகவும் வைத்தால் தொந்தரவு குறையும், மொத்த வேகம் கூடும். ஏடிஎஸ்எல் என்பதில் முதல் எழுத்து 'ஏ' அந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு ஒரு உபகாரம் செய்யப்போகிறது.

இதனால் அடைப்பு எங்கே வந்தது என்று பாருங்கள். வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில். எக்ஸ்சேஞ்ச் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் வேகம் மெலியும். கம்பி ஒட்டுப்போட்ட இடத்தில் மழைத்தண்ணீர் புகுந்தால் மெலியும். போனையும் மோடத்தையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா இல்லாவிட்டால் நின்றே போகும்.

எங்கள் வீட்டுக் கதை அதுதான். நான் ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்தது 2005-ல். பத்மாராவ் நகரில் வாடகைக்கு இருந்தோம், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். தமிழ் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அந்தப் பேட்டை. ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், தப்பு அவர்கள் மேல் இல்லை) இணைப்பு வாங்கினேன். போன் மணி அடித்தால் நெட் விழும். மூன்று மாதம் புகார் மேல் புகார். நாலாவது முறை வந்த லைன்மேன் ஹாலில் உட்காராமல் நேராகப் படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு போனைக் காட்டினார். "ஸார், மீ இன்ட்லோனே ப்ராப்ளம் உந்தி." தங்கமணி படுத்துக்கொண்டே பேச வசதியாக நானே ஒயர் இழுத்து மாட்டிய போன் அது. ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரித்து மாட்டியிருந்தேன். கழற்றினார், சரியானது. டீ கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய.

அந்த வெற்றியில் எனக்கு ஒரு தப்பான பாடம் ஏறிவிட்டது. கோளாறு எப்பவும் வீட்டுக்குள்தான் என்று.

அம்மா 2006 ஐப்பசியில் தவறிப்போனாள். அதற்கு முந்தைய கோடையில் அப்பாவும் அம்மாவும் ஹைதராபாத் வந்து ஒன்றரை மாதம் இருந்தார்கள். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் நான் எடுத்துத் தள்ளினேன். சார்மினார் முன்னால், சாலார்ஜங் மியூசியத்து மணிக்கூண்டு பொம்மை வெளியே வந்து அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு, ஸ்கந்தகிரி பிராகாரத்தில், எங்கள் பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டு. 140 படம் போல இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டரில். சிடியில் எழுதி வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்டினேன்.

அக்கா துபாயில். 2007 டிசம்பரில் அவளுக்குப் பையன் பிறந்தான். அப்பா அப்போது எங்களோடு இருந்தார். அம்மா போன பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது தினமும் சாயங்காலம் அந்த ஒரு அரை மணி நேரத்துக்குத்தான். வெப்கேமில் பேரன். படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்பா திரைக்கு அரையடி தூரத்தில் உட்கார்ந்துகொள்வார்.

2008 ஜனவரி 30, புதன்கிழமை. சாயங்காலம் படம் வரவில்லை. குரலும் இல்லை. யாஹூ மெசஞ்சர் ஒட்டி ஒட்டி எழுத்து மட்டும் வந்தது. அப்பா எட்டு மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம்டா" என்றார். எனக்கு ஆத்திரம். மோடத்தை அணைத்துப் போட்டேன். ஸ்ப்ளிட்டரை மாற்றினேன். வைரஸ் என்று முடிவு கட்டினேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்பி சிடியைப் போட்டு, மொத்த ஹார்டு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்து, மறுபடி ஏற்றினேன். இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்து பார்த்தால் நெட் அதே ஊர்தல்தான்.

காலைப் பேப்பரில் கொட்டை எழுத்தில் இருந்தது. எகிப்தில் அலெக்சாண்ட்ரியா பக்கத்தில் கடலுக்கடியில் ஃப்ளாக், சீ-மீ-வீ 4 என்று இரண்டு கேபிள் அறுந்துவிட்டன. இந்தியாவின் வெளிநாட்டுத் தொடர்பில் ஏறக்குறைய பாதி போச்சு. வளைகுடா நாடுகளும் தத்தளிக்கின்றன. முதலில் கப்பல் நங்கூரம் என்றார்கள், அந்த நேரத்தில் அங்கே கப்பலே போகவில்லை என்றது எகிப்து அரசு. இரண்டு நாள் கழித்துத் துபாய் பக்கம் ஃபால்கன் என்ற மூன்றாவது கேபிளும் அறுந்தது. அதற்குக் காரணம் யாரோ கைவிட்டுப்போன ஐந்தாறு டன் நங்கூரம். சுமார் பத்து நாளில் எல்லாவற்றையும் ஒட்டினார்கள். நடுவில் நம் ஊர்ப் போக்குவரத்தைக் கிழக்கே திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள். 2002-ல் போட்ட சென்னை - சிங்கப்பூர் ஐ2ஐ கேபிள் போன்றவை அந்தப் பக்கம் இருந்ததால் முடிந்தது. (மதராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போட்டது 1870களின் தொடக்கத்தில். கிழக்கே போகிற வழி நமக்குப் புதிதில்லை.)

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் அறுந்த கம்பிக்கு நான் அம்மாவின் படங்களை அழித்து வைத்தியம் பார்த்திருந்தேன்.

அப்பாவுக்கு நாலு நாள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, "கேமராவுல இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். கேமராவில் என்றைக்கோ அழித்தாயிற்று. செகந்திராபாத் சிடிசி வளாகத்தில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தேன். அதன் மேலேயே புது விண்டோஸ் எழுதியாகிவிட்டதால் அரைகுறையாய்ச் சில துண்டுகள்தான் தேறின, ஒன்றும் திறக்கவில்லை.

மிஞ்சியது ஏழு படம். அதுவும் எப்படி என்றால், மேலே சொன்னேனே, அந்தக் குறுகல் ஏறுவழி. கேமராப் படத்தை அப்படியே மடலில் அனுப்பினால் ஒவ்வொன்றும் ஏற ஐந்து நிமிஷம் ஆகும் என்பதால், அக்காவுக்கு அனுப்பும்போது ஏழு படத்தைத் தபால்தலை மாதிரிச் சுருக்கி, 40 கேபி 40 கேபியாக அனுப்பியிருந்தேன். அது அவள் யாஹூ பெட்டியில் கிடந்தது. கீரை ஆய்கிற படத்தை அப்பா ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். முகம் பஞ்சு பஞ்சாகத்தான் வந்தது. கும்பகோணம் வீட்டில் இன்னும் அதுதான் மாட்டியிருக்கிறது.

அதன் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். அடைப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடக்கூடாது என்று. தேடிப் போனால், உலகத்துக்கே இந்தப் பிரச்சினை என்றைக்கோ வந்திருக்கிறது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவருக்கு நெட்வொர்க் கோளாறு. ஒரே ராத்திரியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். எதிர்முனையைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பது, எதிரொலி வர எத்தனை மில்லிவிநாடி என்று எண்ணுவது. நீர்மூழ்கிக் கப்பல் சோனாரின் ஓசையையே பெயராக வைத்தார், பிங். 2000-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதின அந்தப் பிங் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

அடுத்தது 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கெஜம். பத்மாராவ் நகர் பார்க்கைப் பாதி சுற்றுகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 32 கிலோபிட் ஓடிய இணைப்பு திடீரென்று விநாடிக்கு 40 பிட் ஆகிவிட்டது. 800-ல் ஒரு பங்கு! கம்பி அறுந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். கம்பி நன்றாகவே இருந்தது. வான் ஜேக்கப்சன் என்பவர் ஆராய்ந்து கண்டுபிடித்தது இது. நெரிசலில் பதில் தாமதமானதும், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "போய்ச் சேரவில்லை போல" என்று அதே தகவலை மறுபடி மறுபடி அனுப்பியது. நெரிசல் இன்னும் கூடியது.

2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்ற வாரத்தில் எங்கள் கிளையில் இதே காட்சியைக் கண்ணால் பார்த்தேன். வரிசை நகரவில்லை என்று ஒவ்வொருவரும் தம்பி, மச்சான் என்று ஆள் கூப்பிட்டு இன்னொரு வரிசையிலும் நிறுத்தினார்கள். ஒரு செல்லானுக்கு மூன்று பேர். கவுண்டர் அதேதான், கூட்டம் மூன்று மடங்கு. ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய தீர்வு எளிமையானது. மெதுவாக ஆரம்பி, பதில் வரவரக் கூட்டு, தகவல் தொலைந்தால் உடனே பாதியாகக் குறை. இணையம் இன்றைக்கும் அந்த மரியாதையில்தான் ஓடுகிறது. தகவல் வழியில் எந்தெந்த ஊரைத் தொட்டுப் போகிறது, எந்த ஊரில் தாமதம் என்று காட்டுகிற ட்ரேஸ்ரூட் நிரலும் அவர் தூக்கம் கெட்டு எழுதியதுதான். விண்டோஸில் அதற்குப் பெயர் ட்ரேசர்ட்.

ஆக, என் முறை இப்போது இதுதான். முதலில் என் வீட்டு ரவுட்டருக்குப் பிங். ஒயரில் அது ஒரு மில்லிவிநாடிக்குள் வரவேண்டும். வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். பிறகு கம்பெனியின் முதல் வாசலுக்கு. பிறகு சென்னையிலோ மும்பையிலோ ஒரு இடத்துக்கு. கடைசியில் வெளிநாடு. எந்தப் படியில் எண் குதிக்கிறதோ அங்கேதான் திருடன். ஊரில் அப்பா "நெட்டு வரலைப்பா" என்றால் நான் போனில் கேட்பதும் இதே வரிசைதான். ஃபார்மட் என்ற சொல்லை மட்டும் என் வாயிலிருந்து வாங்க முடியாது.

ஜிம் கெட்டிஸ் 2010-ல் கண்டுபிடித்த இன்னொரு வகையும் உண்டு. அவர் பெரிய பொறியாளர், அவர் வீட்டிலேயே பிள்ளைகள் நெட் ஸ்லோ என்று குறை. பார்த்தால், அவர் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போதெல்லாம் மற்ற எல்லாம் ஒரு விநாடிக்கும் மேல் தாமதம். மோடத்துக்குள் தேவைக்கு மேல் பெரிய காத்திருப்பு அறை வைத்துவிட்டதால், தகவல் தொலையாமல் உள்ளேயே வரிசை கட்டி நிற்கிறது. தொலைந்தால்தானே ஜேக்கப்சன் விதிப்படி வேகத்தைக் குறைப்பார்கள்! வீடியோ காலில் பாட்டி முகம் உறைந்து நிற்கிறதா, யாருடைய போனாவது படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடி ஹைதராபாத். 2004 கொள்கையில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த ஏப்ரலில் டிராய், அரசுக் கம்பெனிகளின் செம்புக் கம்பியைத் தனியாரும் வாடகைக்கு எடுத்துச் சேவை தர வழிவிட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. நாலு கோடிக்கும் மேல் கம்பி போட்டு வைத்திருந்த நாடு. அக்டோபரில் வந்த கொள்கை அதை ஏற்கவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், என் கணக்கில் தப்பு. விளைவு, தனியார் ஒவ்வொருவரும் தன் கம்பியைத் தானே இழுக்க வேண்டியதாயிற்று. தெருவைத் தோண்ட அனுமதி, காசு, காலம். மின்கம்பமோ ரெடியாக நிற்கிறது. இந்த ஊரில் பீம் டெலிகாம் மாதிரியானவர்கள் அபார்ட்மெண்ட் வாசல் வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். செம்புக் காலத்து 2 எம்பிபிஎஸ்ஸை (2007 ஜனவரியில் அது பெரிய செய்தி) அது தூக்கிச் சாப்பிட்டது. பீம் பிறகு ஆக்ட் கைக்குப் போனது. 2017 மார்ச்சில் ஆக்ட் இங்கே 1 ஜிபிபிஎஸ் அறிவித்தபோது விலை 5,999 ரூபாய். நாடு முழுக்க அகலப்பட்டை என்றால் 512 கிலோபிட் போதும் என்ற இலக்கணம் அமலில் இருந்த வருஷம் அது. அதை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது 2023 ஜனவரியில்.

வேகம் வந்தது, தலைக்கு மேலே கறுப்புக் கூந்தலும் தொங்கியது. 2025 ஆகஸ்டில் ராமந்தாபூரில் கிருஷ்ணாஷ்டமி ஊர்வலத்தில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு மின்வாரியம் கம்பங்களில் தொங்கிய கேபிள்களை வெட்டித் தள்ளியது. பல பேட்டைகளில் நெட் செத்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கொதித்தார்கள், விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இருபது வருஷமாக மலிவாக வாங்கிய வேகத்தின் ஒரு பகுதி அந்தக் கம்பத்தின் தலையில் ஏற்றியதுதானே.

அடுத்த மாதமே, செப்டம்பர் 6 அன்று, செங்கடலில் ஜெத்தா பக்கம் கேபிள்கள் அறுந்தன. அதில் நம் பழைய சீ-மீ-வீ 4-ம் ஒன்று. துபாயிலிருந்து அக்கா கூப்பிட்டாள், "டேய், இங்க நெட்டு ஊருது, இவன் ரூமுக்குள்ள குதிக்கிறான்." இவன் என்பது 2008-ல் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்தப் பேரன். "அவன் எதையும் அழிக்காம பார்த்துக்கோ" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லிட்டேன்" என்றாள்.

இப்போது 94-க்கு வருகிறேன். ரவுட்டருக்குப் பிங், ஒரு மில்லிவிநாடிக்குள். கம்பெனி வாசல், சுத்தம். சென்னை, சுத்தம். எங்கேயும் தாமதம் இல்லை, வேகம் மட்டும் 94-ல் முட்டி நிற்கிறது. லேன் ஒயருக்குள் நாலு ஜோடி இழை உண்டு. 1995-ல் வந்த 100 எம்பிபிஎஸ் முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் வந்த ஜிகாபிட் முறைக்கு நாலும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. அந்த 100-லும் முகவரி, இடைவெளி என்று சர்வீஸ் சார்ஜ் கழித்தால் கையில் வருவது 94 சொச்சம். கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் இணைப்பு வேகம் பார்த்தேன். 100/100 என்றுதான் போட்டிருந்தது.

பையனும் நானும் அலமாரியை நகர்த்தினோம். 2019-ல் தச்சர் சுவரோடு அடித்த மரச்சட்டம், அதற்குப் பின்னால் ஒயர் மேல் ஒரு ஆணி. ஆறேழு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. முன்னால் எங்கள் திட்டமே 50 எம்பிபிஎஸ் என்பதால் குறை வெளியே தெரியவில்லை. போன வருஷம் 300-க்கு மாறியும் யாரும் ஒயரில் அளந்து பார்க்கவில்லை.

சிடிசியில் பத்து மீட்டர் ஒயர் 350 ரூபாய். மாட்டிவிட்டுச் சோதித்தால் 291. பையன், "புதுப் பொட்டி?" என்றான். அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொன்னேன்.